என் மனைவி பார்த்த சிறுத்தை

எனக்கு மிகவும் பிடித்த படத்தில் கதாநாயகன் இல்லை, பாட்டு இல்லை, சண்டை இல்லை. முதல் பதினொரு நிமிடமும் ஒரு காட்டில் மழை பெய்கிறது, அவ்வளவுதான். ஒரு இலையில் தண்ணீர் சேர்ந்து, கனம் தாங்காமல் இலை சாய்ந்து, கீழே உட்கார்ந்திருக்கும் தவளையின் தலையில் கொட்டுகிறது. தவளை கண்ணை மூடித் திறக்கிறது. இந்த இடத்தை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். என் மனைவி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தவளை வருவதற்குள் தூங்கிவிடுவாள்.

"வெளியில பேயிற மழை காணாதுன்னு பெட்டிக்குள்ளயும் பேய விடுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே தலையணையைத் தட்டிப் போடுவாள்.

நான் ஸ்டோரில் வேலை செய்கிறேன். தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்தை வாட்டுகிற மேல்மாடியில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். நாள் முழுக்கப் பச்சை இலைக்கு நடுவில்தான் இருக்கிறேன் என்றாலும் அது பறித்துக் கொட்டிய இலை, செத்துக்கொண்டிருக்கும் இலை. உயிரோடு இருக்கும் காட்டின் மேல் எனக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடித்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ. அவள் மலையில் கொழுந்து எடுக்கிறாள். தேயிலைச் சரிவுகளை நாங்கள் மலை என்போம். ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் உண்டு.

படங்களை எனக்குக் கொடுப்பவர் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம். முன்பு தட்டுகளாகக் கொடுத்தார், இப்போது பென்டிரைவில் ஏற்றித் தருகிறார். "எல்லாரும் புதுப் படம் வந்திருச்சான்னு கேட்டு வாராங்க, நீங்க மட்டும் புது மிருகம் வந்திருச்சான்னு கேட்டு வாரீங்க" என்று கடையில் நிற்பவர்கள் முன்னாலேயே சொல்வார். சொன்னாலும் எனக்கென்று தேடி எடுத்து வைத்திருப்பார். பனியில் முட்டையைக் காலின் மேல் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும் அப்பன் பென்குயின்கள், நிலா வெளிச்சத்தில் கடலுக்கு ஓடும் ஆமைக் குஞ்சுகள், ஒரு ஆறு ஊற்றில் பிறந்து கடலில் சேரும் வரைக்கும் கூடவே நடந்து போகும் படம், எல்லாம் அவர் கையால் வந்தவைதான். சோகமான இடத்தில் வயலினை இழுத்து நம்மை அழ வைக்கப் பார்க்கும் படங்கள் எனக்கு ஆகாது. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். குட்டியானை செத்தால் அழத் தெரியாதா எனக்கு?

இந்தப் படங்களின் கடைசியில் எடுத்தவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று கொஞ்ச நேரம் காட்டுவார்கள். அங்கேதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கும். ஒருவன் மரத்தின் மேல் கூடாரம் கட்டி நாற்பது நாள் காத்துக் கிடப்பான். நாற்பத்தோராம் நாள் சிறுத்தை வரும். அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுவான். எனக்கோ, இவனுக்கு நாற்பது நாள் லீவு கொடுத்தது யார் என்று கேட்கத் தோன்றும். நானும் சிறுத்தைக்காக அலைந்தவன்தான். பட்டிப்பொலையில் ரயிலை விட்டு இறங்கி, மேலே சிறுத்தை இருக்கும் காட்டுச் சமவெளிக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். மரை மானைப் பார்த்தேன், பனியைப் பார்த்தேன், வேன் வேனாக வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களைப் பார்த்தேன். சிறுத்தையின் கால் தடத்தைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை, நான் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் ரோட்டைக் கடந்து போனது என்று ஒரு வேன்காரன் சொன்னான். அவன் முகத்தை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நானா புதிதாகக் கொடுத்த சிறுத்தைப் படத்தைப் போட்டிருந்தேன். நம் நாட்டிலேயே எடுத்தது, தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். மனைவி வழக்கம்போல் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மனித வாடை பட்டாலே சிறுத்தை ஓடி மறைந்துவிடும் என்று குரல் சொன்னது.

"பொய்யி" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"என்ன பொய்யி?"

"ஓடாது. நின்னு நம்மளப் பாக்கும். பாத்துட்டு வாலத் தூக்கிக்கிட்டு மெதுவாத்தான் போகும். நுனியில அடிப்பக்கம் வெள்ளையா இருக்கும்ல, குட்டிங்க அந்த வெள்ளயப் பாத்துக்கிட்டே பின்னால போகும்."

நான் படத்தை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் அவள் கண் திறந்தது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று முகத்தைப் பார்த்தே சொல்லலாம். எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நீ எங்க பாத்த?"

"எங்கயோ பாத்தேன்."

"எத்தன தடவ?"

அவள் யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்ததே, அதுதான் என்னைக் குத்தியது. ஒரு தடவை என்றால் உடனே சொல்லியிருப்பாள். விரலை மடக்கி, பிறகு மடக்குவதை விட்டுவிட்டு, "பத்துப் பன்னெண்டு இருக்கும்" என்றாள்.

காட்டோரமாக இருக்கும் ஒரு மலையில், கவ்வாத்து வெட்டிச் செடி பதிந்து கிடந்த வருடத்தில்தான் முதலில் கண்டார்களாம். மூன்று வருடமாக அந்தத் தாய்ச் சிறுத்தை அங்கே வந்து போகிறது. இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது. அவளுடைய கொழுந்துக் கூட்டத்தில் இருக்கும் பதினெட்டுப் பெண்களுக்கும் தெரியும். ஆண்களில் ஒருவனுக்கும் தெரியாது. கூட நிற்கும் கங்காணிக்குக்கூடத் தெரியாது. சிறுத்தை எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் குளவி கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். குளவி என்று சொன்னால் எங்கள் ஊரில் தோட்டத்தை நடத்தும் துரையே தூரப் போய்விடுவார். கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எங்கள் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள்.

இந்தக் குளவியை நான் அறிவேன். இரண்டு வருடமாக வீட்டில் அந்தக் குளவிக் கதை கேட்டிருக்கிறேன். பெண்டாட்டிக்கு ஒன்று ஆகிவிடக்கூடாதே என்று ஒருநாள் ஆபீசுக்குப் போய், கூட்டைக் கொளுத்த ஆள் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். கடிதாசியும் எழுதிவிட்டேன். அவள்தான் பதறியடித்துக்கொண்டு வந்து, கூடு தானாகவே கலைந்துவிட்டது என்று சொல்லிக் கடிதாசியை வாங்கி அடுப்பில் போட்டாள். என் மேல் எவ்வளவு அக்கறை, எனக்கு அலைச்சல் வேண்டாம் என்று நினைக்கிறாளே என்று நான் பூரித்துப் போனேன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையைக் கேட்டிருக்கிறேன். அந்த வெண்ணெய்க்கு வாய் இருந்து, வேண்டுமென்றே பேசாமல் இருந்த கதையைக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். படம் போடவில்லை. ஸ்டோருக்குக் கொழுந்து வந்து கொட்டும்போதெல்லாம், இது எந்த மலைக் கொழுந்து, இதைப் பறிக்கும்போது பக்கத்தில் அது படுத்திருந்ததா என்று அள்ளி முகர்ந்து பார்த்தேன். கூட வேலை செய்தவன் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். அந்தப் பதினெட்டுப் பேரில் யாரைப் பாதையில் கண்டாலும் எரிச்சல் வந்தது. அதில் ஒருத்திக்கு நாய்க்கும் நரிக்கும் வித்தியாசம் தெரியாது. அவள் சிறுத்தையைப் பார்த்திருக்கிறாள். புள்ளிகளைப் பற்றி, மீசையைப் பற்றி, அது மரத்தில் இரையை ஏற்றி வைக்கும் விதத்தைப் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசத் தெரிந்த நான் பார்த்ததில்லை. நியாயமா இது? உண்மையைச் சொன்னால் அந்தச் சிறுத்தை மேலும் எனக்குக் கோபம் இருந்தது. என் வீட்டுக்காரியோடு அப்படி என்ன சிநேகம் அதற்கு?

நான்காம் நாள் சாயந்திரம் வாய்விட்டுக் கேட்டேன். அவள் வேலை முடிந்து வந்து, ஈரம் படாமல் இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இந்தத் தோட்டத்துல சிறுத்தப் பைத்தியம்னு இருக்குறவன் நான் ஒருத்தன். என்கிட்ட சொல்லணும்னு உனக்கு ஒரு நாளாவது தோணலியா?"

அவள் படங்கின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"ஒரு தடவ சொன்னேனே" என்றாள்.

"எப்ப சொன்ன?"

"மொதல்ல ஒண்ணு இருந்துச்சே. செத்துப் போச்சே, அதப் பாத்தப்ப."

அந்தச் சிறுத்தை எனக்கு ஞாபகம் இருந்தது. ஐந்தாறு வருடத்துக்கு முன்னால், கீழ்ப் பக்கத்து மரக்கறித் தோட்டத்து வேலியோரம் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் ஒரு சிறுத்தை மாட்டிச் செத்தது. நான் வேலை முடிந்து ஓடுவதற்குள் வனவிலங்கு ஆபீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கும் எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட்டது நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் அதற்கு முன்னால் என்னிடம் சொன்னது ஞாபகம் இல்லை.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சத்தம் போடாமல், கொடியில் கை வைத்தபடியே சொன்னாள்.

"ஒரு சனிக்கெழம பாத்தேன். அன்னிக்கே ஒங்ககிட்ட சொன்னேன். ஒங்களுக்குக் கைகால் நிக்கல. ஞாயித்துக்கெழம லிந்துலைக்கு முடி வெட்டப் போனீங்க. சலூன்ல ஒக்காந்து எல்லாருக்கும் கத சொல்லிட்டு வந்தீங்க. வந்து என்கிட்டயே சொன்னீங்க, எல்லாரும் வாயத் தொறந்துக்கிட்டு கேட்டானுங்கன்னு. திங்கக்கெழம மூணு ஆட்டோவுல ஆளு வந்துச்சு. போனத் தூக்கிக்கிட்டு, தகரத்தத் தட்டிக்கிட்டு மலைய மேஞ்சானுங்க. அது மேலேர்ந்து கீழ எறங்கி ஓடுச்சு. கண்ணி எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியுமா?"

சலூன் கண்ணாடியில் என் முகம், பாதி வெட்டிய முடி, பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் என்னையே பார்த்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். நான் பார்த்ததாகத்தான் அங்கே சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது. என் மனைவி பார்த்தாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே எனக்கு அந்தப் பொறாமை இருந்திருக்கிறது.

"அப்பதான் நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம்" என்றாள். "மலையில பாத்தத லயத்துக்குக் கொண்டுவரக்கூடாதுன்னு. மத்தவளுங்க யாரும் என்னையக் கொற சொல்லல. நானாத்தான் சொல்லிக்கிட்டேன், இந்த மனுசனுக்கு ஓட்ட வாயி, என் தப்புத்தான்னு."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது, "அப்ப இனிமே எனக்குக் காட்டவே மாட்டியா?" என்றுதான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நான் இப்படிப்பட்டவன்தான், மறைத்து என்ன ஆகப் போகிறது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, கொழும்பிலிருந்து படம் எடுப்பவர்கள் வந்தார்கள். தேயிலைக்குள் வாழும் சிறுத்தைகளைப் பற்றி ஒரு படம் செய்கிறார்களாம். ஆபீசில் யாரோ என்னைக் கைகாட்டிவிட்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வாசலில் வேன் வந்து நின்றது. கேமரா பை மாட்டிய ஒரு பெண்ணும் ஒரு இளைஞனும் இறங்கினார்கள். இரண்டு பேரும் சிங்களவர்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, அலமாரியில் அடுக்கியிருந்த என் படத் தட்டுகளைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். இவ்வளவு பேர் வீட்டுக்குப் போயிருக்கிறோம், இதை எங்கேயும் பார்த்ததில்லை என்று சிங்களத்தில் சொன்னாள். என் வாழ்க்கையில் என் அலமாரியை மதித்த முதல் ஆள் அவள்தான்.

பேசப் பேசத் தெரிந்தது, என் மனைவி பொய் என்று சொன்ன அந்தச் சிறுத்தைப் படத்தில் கேமரா பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி. நீங்கள் எத்தனை சிறுத்தை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் சிரித்து, எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றாள். அந்தச் சிரிப்பை நான் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் எத்தனை என்று அவள் திருப்பிக் கேட்டாள். இந்தப் பக்கம் ஒரு தாயும் குட்டிகளும் நடமாடுவதாகக் கேள்விப்பட்டோம், இடத்தை மட்டும் காட்டினால் போதும், உங்களைப் போன்ற ஒருவர்தான் படத்தில் பேச வேண்டும், உங்கள் அலமாரியிலிருந்தே படத்தைத் தொடங்கலாம் என்றாள்.

நான் படத்தில் பேசுவேன். அந்தப் படத்தை நானா பென்டிரைவில் ஏற்றுவார். எனக்குப் பிடித்த படங்களின் வரிசையில் என் முகம் இருக்கும். மலையின் நம்பரை அவள் வாயிலிருந்து முதல் நாளே வாங்கிவிட்டேன், அது எந்தப் பக்கம் எப்போது படுத்திருக்கும் என்பதுதான் அவள் கூட்டிப்போகாமல் எனக்குத் தெரியாது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மனைவி தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்குச் சிங்களம் நன்றாகப் புரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை, கோப்பைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செத்துப்போன சிறுத்தையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினால் நீங்கள் என்னை நல்லவன் என்பீர்கள். அது இல்லை. எனக்குள் ஓடியது இதுதான்: எண்ண முடியாத அளவுக்குப் பார்த்துவிட்டாய், இதையும் நீதான் பார்க்க வேண்டுமா? இருபத்தாறு வருடம் இந்த மலையடியில் கிடக்கும் எனக்குக் காட்டாததை உனக்கு நான் காட்டுவேனா?

"இங்கே சிறுத்தை இல்லை நோனா" என்றேன் சிங்களத்தில். "நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே குளவிதான் அதிகம்."

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். வேன் திரும்பி நுவரெலியாப் பக்கம் போகும் வரைக்கும் வாசலிலேயே நின்று பார்த்தேன். உள்ளே வந்தபோது மனைவி வெற்றுக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பாராட்டு எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"பொறாமையிலதானே சொல்லல?" என்றாள்.

நான் அலமாரியில் தட்டுகளை நேராக்கத் தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும். அவ சிரிச்சப்ப ஒங்க மொகம் போன போக்கப் பாத்தேன். பரவால்ல. எதுனாலயோ, சொல்லலதானே."

"அப்ப கூட்டிட்டுப் போறியா?"

அவள் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். கோபமில்லை. கொழுந்து எடைக்கு வரும்போது முற்றல் இலை இருக்கிறதா என்று கிளறிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"நாங்க பதினெட்டுப் பேரு மூணு வருசம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தோம். நீங்க இப்பதான் கால் மணிநேரம் இருந்திருக்கீங்க. நீங்களும் மூணு வருசம் இருங்க, பாப்போம்."

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. சலூனில் இப்போது நான் அரசியல் மட்டும்தான் பேசுகிறேன். நானா கொடுக்கும் படங்களைப் போடுகிறேன். அவள் தூங்குகிறாள். இதை எழுதி முடித்ததும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன், பயந்துகொண்டுதான். தோட்டத்தின் பெயரை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். மலையின் நம்பரை எடுக்கச் சொன்னாள், அதையும் எடுத்தேன். சலூனில் நானே பார்த்ததாகச் சொன்னதை எடுக்கட்டுமா என்று கேட்டேன். அது இருக்கட்டும் என்றாள்.

இன்றைக்கு அவர்களுக்கு அந்த மலையில்தான் வேலை. காலையில் புறப்படும்போது எதுவும் சொல்லவில்லை, பின்னலை மட்டும் இரண்டு தடவை சரிசெய்துகொண்டாள். நேரம் பத்து இருக்கும். இந்நேரம் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். சாயந்திரம் வருவாள், படங்கை அவிழ்த்துக் கொடியில் போடுவாள், நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். இன்னும் இரண்டு வருடமும் ஐந்து மாதமும் எனக்கு இப்படியே வயிறு எரியும்.